விதானையாருக்கு ஒரு சஹன்

குசினிக் கூரையிலிருந்து கழன்ற தகரமொன்று முற்றத்தில் வெயிலுக்கு மல்லாந்து கிடக்கிறது. அதன் முன்னால் குந்தியிருந்து அச்சிமுகம்மது சாரத்து மடியை அவிழ்த்து உதறுகிறார். வெள்ளை வெள்ளையாய், கணுக் கணுவாய் இலுக்கம்புல்லின் வேர்கள் விழுகின்றன. விரல் நீளத்தில் சில, நகத்தளவில் பல. அவற்றுக்கு நடுவே ‘ணங்’ என்று ஒரு பூட்டுத் திறப்பும் விழுகிறது. திறப்பைப் பொறுக்கிச் சாரத்தில் துடைத்து மறுபடி மடியில் செருகிக்கொள்கிறார். வேர்களை மட்டும் ஒன்றோடொன்று ஒட்டாமல், கருவாடு காயப்போடுகிறவரின் கவனத்தோடு பரப்புகிறார்.

“மண்ணுல ஒரு துண்டு விழுந்தாலும் மறுகா எழும்பிரும்,” என்கிறார். “இதுக்கு மௌத்து தகரத்துக்கு மேலதான்.”

சொல்லி முடிக்குமுன் கொட்டாவி வந்துவிடுகிறது. அச்சிமுகம்மதின் கொட்டாவி லேசுப்பட்டதல்ல. பள்ளிவாசலில் அவர் முன்வரிசையில் ஒன்று விட்டால் அது வரிசை வரிசையாகப் பின்னால் போய், வாசலில் செருப்புகளை மோந்துகொண்டு நிற்கிற ஆட்டுக்கடா வரைக்கும் தொற்றும் என்று பெயர். அவர் உடம்பில் அலுப்பு குடியிருப்பது வாடகைக்கு அல்ல, உறுதிப் பத்திரம் முடித்துக்கொண்டு. தோள் இரண்டும் முன்னால் விழுந்து, கண்ணுக்குக் கீழே பை தொங்கி, நடக்கும்போது செருப்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போகும். உட்கார்ந்தால் உறங்குவார். நின்றாலும், சாய ஒரு மரம் இருந்தால், உறங்குவார்.

வாலிபத்திலிருந்து உழவு மிசின் ஓட்டிய மனிதர். ஒரு மாரியில் ஆசனத்திலேயே உறங்கிப்போனாராம். மிசின் தன் பாட்டில் அந்த வயலை முடித்து, வரம்பேறி, வீரமுனைப் பக்கம் போய் அங்கே ஒருவருடைய வயலையும் உழுது கொடுத்துவிட்டு, வந்த வழியே திரும்பி வந்ததாம். வீரமுனைக்காரர் ‘சாலெல்லாம் நூல் பிடிச்ச மாதிரி’ என்று மெச்சினாராம். இதைச் சொன்னவர் மீராசா. சந்தித் தேத்தண்ணிக் கடையில் ஒரு வாங்குப் பலகையைத் தன் பேரில் நிரந்தரமாகப் பிடித்து வைத்திருப்பவர். ஆகவே பாதியைக் கழித்துவிடலாம். எந்தப் பாதியை என்பதை மீராசாவே இன்னும் முடிவு செய்யவில்லை.

அந்தத் திறப்புக்கு வருவோம். அது அவர் முதுகுக்குப் பின்னால் நிற்கிற கல்வீட்டின் முன்கதவுத் திறப்பு. காலையில் வயலுக்குப் போகுமுன் ஒருதரம், பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து ஒருதரம் பூட்டை இழுத்துப் பார்ப்பார். நல்ல பூட்டு, அசையாது. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால்தான் விசயம் விளங்கும். அங்கே சமைக்கிற குசினிக்குச் சுவர் இல்லை. ஓர் ஆனை தாராளமாக நுழையக்கூடிய ஓட்டைதான் இருக்கிறது. தாராளமாக நுழைந்ததால் உண்டான ஓட்டை அது.

“ஆனை வந்தா முன்கதவாலயா வரும்? அதுக்கென்ன கலியாணக் கார்டா குடுத்திரிக்கி?” என்று அவர் மனைவி ஹாஜறா கேட்காத நாளில்லை.

“பூட்டு ஆனைக்கில்ல புள்ள. வீட்டுக்காரிக்கு.”

வீட்டுக்காரி அவர்களுடைய ஒரே மகள் பஸ்மினா. இந்தக் கரையில் பெண் புகுந்த வீடு போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து சேர்வார். ஆகவே மகள் பிறந்த அன்றைக்கே தகப்பன் மனத்துக்குள் அத்திவாரம் வெட்டத் தொடங்கிவிடுகிறான். அச்சிமுகம்மது ஊரார் வயலையெல்லாம் உழுதுழுது கல் கல்லாய்க் கட்டிய வீடு அது. கலியாணத்தன்று திறப்பை மகள் கையில் கொடுத்துவிட்டு, அவரும் ஹாஜறாவும் பின்வளவிலிருந்த கொட்டிலுக்கு மாறினார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர் விருந்தாளி. கூப்பிட்டால் போவார், தேத்தண்ணி குடிப்பார், கண் சொருகுமுன் எழும்பி வந்துவிடுவார்.

போன அறுவடைக்கு, கூப்பிடாமலே இன்னொரு விருந்தாளி வந்தார்.

கல்முனையிலிருந்து உள்ளே போகப் போகக் கடல் மணம் விட்டுச் சேற்று மணம் தொடங்குகிற இடம் புளியடி வட்டை. வயல்வெளியின் கடைசித் துண்டு குளத்தில் முடிகிறது, குளத்தின் மறுகரை காட்டில் முடிகிறது. கதிர் பால் பிடித்தால் காட்டிலிருந்து ஒரு கொம்பன் தனியே இறங்கி வரும். வயல்வெளியின் தண்ணீரையும் வேலியையும் மேற்பார்க்கிற வட்ட விதானையைப் போலவே வரம்பு வரம்பாக நடந்து, நின்று நிதானித்து, ஒவ்வொரு வயல் கண்டத்தையும் பார்வையிடும். அதனால் ஊரார் அதற்கு விதானையார் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வித்தியாசம் ஒன்றுதான்: இந்த விதானையார் பார்த்துவிட்டு மட்டும் போவதில்லை. மின்சார வேலி போட்டார்கள். காய்ந்த கட்டையொன்றை அதன்மேல் தள்ளிவிட்டு, அது படுத்த இடத்தால் கடந்தார். ஆனைவெடி போட்டார்கள். கலியாண வீட்டு வெடி என்று நினைத்தாரோ என்னவோ, இன்னும் கிட்ட வந்தார்.

அன்றைக்கு அவர் வயலில் நிற்கவில்லை. புது நெல்லின் வாசம் பிடித்து நேரே குசினிக்கு வந்தார். சுவர் போனது, கூரை போனது, நெல்மூட்டைகள் போயின, உப்புச் சாடி போனது. திரும்பும்போது குசினிக் கதவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மைனர் சங்கிலி போட்டவர் மாதிரி நடந்ததாக மீராசா சொல்கிறார். கதவு இன்றுவரை கிடைக்கவில்லை என்பது மட்டும் உண்மை.

அடுத்த சுவருக்கு இந்தப் பக்கம் பஸ்மினாவும் அவள் மாப்பிள்ளை ஜெஸீமும் மூச்சு விடாமல் இருந்தார்கள். ஜெஸீம் கல்முனையில் இரும்புச் சாமான் கடையொன்றில் வேலை செய்கிறவன், பயந்த சுபாவம், கெட்டவனல்ல. அந்தக் கிழமையே மனைவியைக் கூட்டிக்கொண்டு கல்முனையில் ஒரு கடைக்கு மேலே வாடகை அறைக்குப் போய்விட்டான்.

“சுவரக் கட்டித் தாறன் மருமகன்,” என்றார் அச்சிமுகம்மது.

“சுவர் என்னத்த மாமா செய்யிற? சுவரத் தள்ளிட்டுத்தானே அது வந்த? இத வித்துட்டு டவுன் பக்கம் ஒரு துண்டு பாப்பம்.”

வீடு பஸ்மினாவின் பேரில் இருக்கிறது. அவள் ‘ஓம், சரி’ என்றால் விற்கலாம். அவள் நெடுநேரம் வாப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பார்க்க அதில் பெரிதாக ஒன்றுமில்லை, கண் பாதி மூடியிருந்தது.

“இந்த மாரிய மட்டும் பாப்பம்,” என்றாள். “ஆனைக்கு வேற போக்கிடம் ஒண்டு கிடச்சா நான் வாறன். இல்லாட்டி அவர் சொல்லுற மாதிரித்தான் வாப்பா.”

அந்தப் போக்கிடம்தான் இப்போது அச்சிமுகம்மதின் மடியில் வேர் வேராக வந்துகொண்டிருக்கிறது.

குளத்துக்கும் காட்டுக்கும் நடுவே ஒரு மேட்டுக் காணி சும்மா கிடந்தது. அதில் குளத்துப் புல்லை வளர்த்துவிட்டால், இறங்கி வருகிற ஆனை அங்கேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு திரும்பக்கூடும் என்றாள் சுஜித்தா. வனவிலங்குத் திட்டமொன்றில் வேலை செய்கிற தம்பிலுவில் ஊர்ப் பெண். ஆனால் காணி முழுக்க இலுக்கு. இலுக்கு இலை கத்தி. முற்றினால் மாடும் தொடாது, ஆனையும் முகம் திருப்பும். அதை ஒழித்து மண்ணைப் பதப்படுத்தாமல் எதை நட்டாலும் இலுக்கு அதை விழுங்கிவிடும். ‘யார் பொறுப்பெடுக்கிறீங்க?’ என்று விவசாயிகள் கூட்டத்தில் கேட்டபோது எல்லாரும் தத்தம் கால்விரல்களைப் பார்த்தார்கள். அச்சிமுகம்மது கொட்டாவி விட வாயைத் திறந்தாராம், அதையே சம்மதமாக எழுதிக்கொண்டார்களாம். ஊர் இப்படித்தான் சொல்லிச் சிரிக்கிறது. கூட்டத்துக்கு வருமுன்பே அவர் மிசினுக்கு டீசல் அடித்து வைத்திருந்ததை ஊர் கவனிக்கவில்லை.

மீராசாவுக்கு அன்றிலிருந்து தீனி கிடைத்துவிட்டது.

“என்ன மச்சான், விதானையாருக்கு வலீமாவாமே? எப்ப விருந்து?”

“புல்லு வளரணும்.”

“நமக்கு ஒரு சஹனச் சுத்தி ஆறு பேர் குந்துவம். அவர் குந்தினா சஹன எங்க வெக்கிற?”

கலியாண வீட்டில் பலர் சுற்றியிருந்து ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுகிற சஹனைத்தான் சொல்கிறார். கடையே சிரித்தது. அச்சிமுகம்மது பிளேன்டீயை ஊதிக்கொண்டு சொன்னார்: “அவர் குந்தின பிறகு வெப்பம்.”

அச்சிமுகம்மதை அறிந்தவர்களுக்கு அவருடைய ‘ஓம்’ தெரியும். எதைச் சொன்னாலும் ஓம். மழை வரும் என்றால் ஓம், வராது என்றாலும் ஓம். வாக்குவாதம் செய்ய உடம்பில் பலம் வேண்டும். அதை அவர் வேறு வேலைக்குச் சேமித்து வைத்திருந்தார். இந்த ஓம்தான் அவரைக் கவிழ்த்தது.

“காக்கா, முதல்ல புல்ல வெட்டி எடுங்க. பிறகு கொத்துக் கலப்பையப் போட்டு வேரக் கிளப்பி வெயிலுக்குக் காட்டுங்க. ரொட்டரி மட்டும் போடவேணாம்,” என்று சுஜித்தா, மூத்தவரைக் காக்கா என்கிற ஊர் முறையில், படித்துப் படித்துச் சொன்னாள். “அது வேரத் துண்டு துண்டா வெட்டிப் போடும். துண்டெல்லாம் தனித்தனியா முளைக்கும்.”

“ஓம் மகள்.”

அவள் மோட்டார்சைக்கிள் வளைவில் மறைந்ததும் அவர் மிசினில் சுழல்கத்தி ரொட்டரியைப் பூட்டினார். காரணம் பெரிதில்லை, வட்டையில் யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். நெல்லுக்காரனுக்குப் புல் என்றால் ஒரே வைத்தியம்: தண்ணீரைக் கட்டு, சுழல்கத்தியை இறக்கு, சேற்றோடு சேறாக அடி. நொறுங்கிய புல் தண்ணீருக்கடியில் மூச்சுமுட்டி அழுகி உரமாகிவிடும். வயலில் பாதி வேலையைச் செய்வது தண்ணீர். பழகிய கைக்கு அது ஞாபகம் வரவில்லை. மேட்டுக் காணியிலோ ஒரு சொட்டுத் தண்ணீரில்லை. புழுதி பறக்க அடித்து முடித்தார். காணி மாவரித்த சுளகு மாதிரி ஆனது. ஊர் வந்து பார்த்துப் பாராட்டியது. அவரும் மிசின் நிழலில் படுத்து, ஆண்டுகளுக்குப் பிறகு கவலையில்லாமல் வாய் திறந்து உறங்கினார்.

இடையில் ஒரு திடீர் மழை தூறிவிட்டுப் போனது. அடுத்த கிழமை காணி முள்ளம்பன்றியாகச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. ஒரு பற்றை இருந்த இடத்தில் நூறு பற்றை. மிசின் போன தடத்திலெல்லாம் இலுக்கு நிரை பிடித்து முளைத்திருந்தது. நாற்று நட்டாலும் அவ்வளவு நெருக்கமாக நட முடியாது.

சுஜித்தா வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். வரம்பில் குந்தி, போத்தல் தண்ணீரை முழுதும் குடித்தாள். அச்சிமுகம்மது தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

“ரொட்டரியா காக்கா?”

“ஓம் மகள்.”

“எண்ணெய் அடிச்சா ஒரே நாள்ல கருகிரும்,” என்று களைகொல்லிக்குச் சிபாரிசு செய்தார் கூட வந்த மீராசா.

“குளத்துத் தண்ணி கிட்டக் கிடக்கு. அடிக்க ஏலாது,” என்றாள் சுஜித்தா.

“விருந்துக்குக் கூப்பிட்டுட்டு நஞ்சு வெக்கிறதா?” என்றார் அச்சிமுகம்மதும்.

“அப்ப கையாலதான்,” என்று சட்டைக் கையைச் சுருட்டினாள் அவள். அவரை ஏசாமலே முதல் வேரை இழுத்தாள். ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதிலிருந்து தொடங்கியது அந்தக் குனிவு. கொத்துக் கலப்பையின் வளைந்த பற்கள் வேரை வெட்டாமல் தூக்கிக் கொடுக்கும். இரும்பு வாரியால் அதை இழுத்துச் சேர்க்கவேண்டும். வாரி தவறவிட்டதை விரலால் தேடவேண்டும். ஒரு குவியலை வரம்போரம் விட்டுவிட்டு வந்ததில் அது பனியைக் குடித்தே வேர் விட்டது. அதனால்தான் கடைசித் துண்டு வரைக்கும் மடியில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, விதானையார் கழற்றிப்போட்ட அதே தகரத்தில் காயவைக்கிறார். வெயில் ஏற ஏற முதுகு வளைந்து, மாலையில் நிமிர்த்த மறந்து, வளைந்தபடியே வீட்டுக்கு வருவார். தொழுகையில் ருகூவுக்குக் குனிந்தவர் அப்படியே நின்று உறங்கி, பக்கத்திலிருந்தவர் தட்டி எழுப்பிய கதையும் உண்டு. இதை மீராசா சொல்லவில்லை, பக்கத்திலிருந்தவரே சொன்னார்.

ஹாஜறாவும் ஒரு வாரியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவளுக்கு வாரியை விட வாய் நீளம்.

“என்னக் கலியாணம் முடிச்ச நாளையில இருந்து என்ட முகத்தப் பாத்தத விட இந்த வேரத்தான் கூடப் பாத்திரிக்கீங்க.”

“வேர் பேசாதுகா.”

“பேசாதுதான். அடிச்சா நூறாப் பெருகும். நான் ஒருத்தியா இரிக்கிறதுக்கு அல்லாஹ்வுக்கு சுக்ர் செய்யுங்க.”

அவர் சிரித்துவிட்டார். அந்தக் காணியில் அந்தப் பருவத்தில் அவர் சிரித்தது அப்போது மட்டும்தான் என்கிறாள் ஹாஜறா.

ஓய்வு கிடைக்கிற நாளில் பஸ் ஏறிக் கல்முனைக்குப் போவார். கடைக்கு மேலே ஏறுகிற ஒடுங்கிய படிக்கட்டில் பாதி ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்து, அங்கேயே உறங்கிவிடுவார். மேலேயிருந்து பஸ்மினா இறங்கி வந்து எழுப்புவாள். சொந்த வீட்டில் இருக்கவேண்டிய மகளை இன்னொருவர் வீட்டுப் படியில் வைத்துப் பார்க்க அவருக்கு முகமில்லை. கையிலிருக்கிற கத்தரிக்காய்ப் பையைப் பார்த்துக்கொண்டே கதைப்பார். அவளும் ஆனையைப் பற்றிக் கேட்கமாட்டாள். “இலுக்குப் போச்சா வாப்பா?” என்பாள். “போகுது மகள்,” என்பார். இருவருக்கும் அது போதும்.

மாரியின் முதல் நல்ல மழை விழுந்தது. சில நாளில் காணி பச்சைப் போர்வை போர்த்துக்கொண்டது. விவசாயிகள் கூட்டமாக வந்து மகிழ்ந்தார்கள். ‘நடாமலே முளைச்சிட்டு, அல்லாஹ்ட ரஹ்மத்து’ என்றார் ஒருவர். அச்சிமுகம்மது வாயைத் திறக்குமுன் ஹாஜறா சொன்னாள்: “அது புல்லில்ல காக்கா, களை. இத ஒழிச்சிட்டுத்தான் புல்லு நடுற.” புல்லை ஒழித்துப் புல் நடுகிற இந்தக் கணக்கு ஊருக்கு விளங்க நெடுநாள் எடுத்தது. நெடுநாள் எடுத்தும் விளங்கவில்லை.

சுஜித்தா மண்ணைக் கிள்ளிக் காட்டினாள். “மேல கிடந்த களை விதையெல்லாம் மழைக்கு எழும்பிட்டு. நல்லது. முழுக்க எழும்பட்டும் காக்கா. பிறகு மேலோட்டமாச் சுரண்டி விடுவம். ஆழமாக் கிண்டினா அடியில உறங்குறதெல்லாம் எழும்பிரும்.”

இந்த ஒரு பாடம் அச்சிமுகம்மதுக்கு உடனே ஏறியது. “உறங்குறவன எழுப்பக்கூடா,” என்றார், மிகுந்த உணர்ச்சியோடு.

எழும்புகிறவை எழும்பட்டும் என்று காத்திருந்த ஒரு காலையில் காணியின் நடுவே தடங்கள் கிடந்தன. ஒவ்வொன்றும் சுளகளவு. பதப்படுத்திய மண் ஒரு வரியும் பிசகாமல் பாதத்தை வாங்கி வைத்திருந்தது. விதானையார் வந்து, நடுக்காணியில் நின்று, சுற்றிப் பார்த்து, பெரிதாக ஒரு லத்தியும் போட்டுவிட்டுப் போயிருந்தார். தடம் அதோடு நிற்கவில்லை. வாய்க்கால் கடந்து, வளவுக்குள் ஏறி, ஓட்டை விழுந்த குசினி வரைக்கும் போய், மிச்சச் சுவரில் சேற்றைத் தேய்த்துவிட்டுத் திரும்பியிருந்தது. பின்வளவில் ஹாஜறாவின் கொட்டிலுக்கும் அந்தத் தடத்துக்கும் நடுவே ஒரு முருங்கை மரம் மட்டும்தான்.

அச்சிமுகம்மது முதலில் செய்த வேலை, உரப்பையைக் கொண்டுபோய் லத்தியைத் துளி விடாமல் அள்ளியது. அதற்குள்ளே காட்டிலுள்ள களை விதையெல்லாம் இருக்கும்.

“சாப்பாடு வெக்க முன்னமே கை கழுவிட்டுப் போயிரிக்கார்,” என்றார் மீராசா. ஆனால் குரலில் சிரிப்பில்லை. “மச்சான், வெறும் சஹன வெச்சா விருந்தாளி குசினியத்தான் தேடுவான். இண்டைக்கே நட்டுருவம்.”

விவசாயிகளும் அதையே சொன்னார்கள். தொலைபேசியில் ஜெஸீம் இன்னும் ஒரு படி மேலே போனான். “மாமா, வாற வெள்ளிக்கிழமை வீடு பாக்க ஒராள் வாறார். நீங்க நடுற எண்டா கெதியா நடுங்க, இல்லாட்டி விடுங்க. பஸ்மினாவும் வருவா. ஓமா?”

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். சுஜித்தாவும் பார்த்தாள். அவளுக்கும் மனம் ஆடிவிட்டது, புல்நாற்று மூடைகள் நனைந்த சாக்குக்குள் தயாராக இருந்தன. “நீங்க என்ன சொல்லுறீங்க காக்கா?”

அச்சிமுகம்மது குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார். உள்ளங்கையில் மண்ணோடு மண்ணாக ஊசி ஊசியாய் வெள்ளைக் குருத்துகள், இன்னும் வெளிச்சம் காணாதவை. இப்போது நட்டால் நட்டதோடு சேர்ந்து இவையும் வளரும். தை பிறக்குமுன் நட்டதைத் தின்றுவிடும். கதிர் முற்றுகிற நாளில் சஹனில் மறுபடி இலுக்கு மட்டும் இருக்கும்.

“ஏலா,” என்றார்.

ஊர் அந்தச் சொல்லை அவர் வாயில் கேட்டதில்லை. அவருக்கே அது புதிதாக இருந்திருக்கவேண்டும், சொன்ன கையோடு கொட்டாவி வரவில்லை.

“எழும்புறதெல்லாம் எழும்பட்டும். சுரண்டிட்டு நடுவம். அதுவரைக்கும் வாறவர் வரட்டும்.”

அன்று மாலை அவர் மிசினைக் கொண்டுவந்து குசினி ஓட்டைக்குக் குறுக்கே, சுவர் இருந்த கோட்டில், நிறுத்தினார். சில்லுகளுக்கடியில் கல் வைத்தார். முன்னால் பூட்டு, பின்னால் மிசின். அதற்குப் பிறகு அவர் கண்ணை மூடியதை ஹாஜறா காணவில்லை. உறக்கத்தையே தொழிலாகக் கொண்ட மனிதர், கண் சிவக்கச் சிவக்க மிசின் ஆசனத்தில் குந்திக்கொண்டிருந்தார். விடிந்தால் காணிக்குப் போய், மண்வெட்டியைப் படுக்கையாகப் பிடித்து, ரொட்டிக்குத் தேங்காய்ப்பூ துருவுகிற மாதிரி மேல்தோலை மட்டும் சுரண்டினார். வெயிலும் நல்ல மனத்தோடு இடைவெளி விட்டது. சுரண்டியவை அன்றன்றே வாடிச் சுருண்டன. அடியில் உறங்கியதை அவர் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நட்டார்கள். சுஜித்தா, ஹாஜறா, களைபிடுங்கும் பெண்கள் நாலைந்து பேர், எல்லாருக்கும் பின்னால் முனகிக்கொண்டே மீராசா. ஜும்ஆத் தொழுகைக்கு முன் முடிந்துவிட்டது. மற்றவர்கள் போன பிறகும் அச்சிமுகம்மது நிரைகளுக்கு நடுவே ஒரு சுற்று வந்தார். கை நிறைய வேர்த்துண்டு அகப்பட்டது. இனி வீட்டுக்குப் போய் முற்றத்தில் நின்றால், வீடு பார்க்கிறவரின் ஓட்டோ வரும்.

ஓட்டோ வந்தது. ஜெஸீமும் வீடு பார்க்க வந்தவரும் இறங்கினார்கள். பஸ்மினா இறங்கி வீட்டைப் பார்க்கவில்லை. “நீங்க காட்டுங்க, நான் வாறன்,” என்று சொல்லிவிட்டு வாய்க்கால் பக்கமாக நடந்தாள்.

காணியில் புது நாற்றுகள் தலை தொங்கி நின்றன. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். பாதம் புதைந்தது. இரண்டு நிரைகளுக்கு நடுவே குந்தி மண்ணுக்குள் விரல்களை விட்டாள். மணிக்கட்டு வரைக்கும் போயிற்று, ஒன்றும் தடுக்கவில்லை. தள்ளிப் போய் இன்னோர் இடத்தில் விட்டாள். அங்கும் இல்லை. குளத்தோரம் கடைசி மூலையில்தான் ஒரு துண்டு அகப்பட்டது, நகத்தளவு, வெள்ளையாய். எறிவதற்குக் கையை ஓங்கியவள் நிறுத்தி, எறிய ஓர் இடமுமில்லாமல், அதைக் கையிலேயே மூடிக்கொண்டு திரும்பினாள்.

முற்றத்தில் ஜெஸீம் பூட்டை ஆட்டிக்கொண்டு நின்றான். வீடு பார்க்க வந்தவர் பின்பக்கம் போய் மிசினைப் பார்த்துவிட்டு வந்து, இது என்ன மாதிரிச் சுவர் என்று கேட்டபடி கைக்குட்டையால் முகம் துடைத்தார்.

“திறப்பு மாமாட்டத்தான் இரிக்கி,” என்றான் ஜெஸீம். “எடுத்துத் தாறன் எண்டு மடியில கைய வெச்சவர், பஸ்மினா... அப்பிடியே...”

முன்கதவுப் படியில், கதவில் முதுகு சாய்ந்து, வாய் திறந்து, அச்சிமுகம்மது உறங்கிக்கொண்டிருந்தார். ஓட்டோச் சத்தமோ பேச்சோ அவரைத் தொடவில்லை. வலது கை மட்டும் மடிமேல் இறுக மூடியிருந்தது.

பஸ்மினா அவர் முன்னால் மண்டியிட்டாள். எழுப்பவில்லை. சுண்டுவிரலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு விரலாக மெதுவாக விரித்தாள். உள்ளே மண், வேர்த்துண்டுகள், நடுவே வியர்த்துப்போன திறப்பு. ஜெஸீம் திறப்புக்குக் கையை நீட்டினான்.

அவள் வேர்களை ஒரு துண்டும் மண்ணில் விழாமல் அள்ளிக்கொண்டு தகரத்தடிக்குப் போனாள். தன் கையிலிருந்த துண்டையும் சேர்த்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் வெயிலுக்குப் பரப்பினாள். பிறகு திறப்பை உடுப்பில் துடைத்து, முக்காட்டுச் சால்வையின் முனையில் வைத்து, இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள்.